இரண்டாவது மாதப் பணம் வருகிறதா? தேயிலைக் கடையின் சந்தாவைத் திறப்புக்கு முன் சோதிக்கும் வழி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சொந்தமாகத் தேயிலை விற்கும் சிறு கடைக்காரர்கள் பலர் இப்போது ஆன்லைனில் மாதச் சந்தா வைக்கப் பார்க்கிறார்கள். காரணம் எளிது. ஏப்ரல், மே சீசனில் மலைக்கு வருகிறவர் கடையில் நின்று ஒரு கப் ஆர்த்தடாக்ஸ் டீ குடித்துப் பார்க்கிறார், கால் கிலோ வாங்கிப் போகிறார், அது தீர்ந்ததும் 'இதே தூள் மாதாமாதம் வீட்டுக்கு வருமா' என்று போன் செய்கிறார். அவருக்காகத்தான் இந்தச் சந்தா. அதனால் எல்லோருக்கும் சீசனுக்கு முன் தளம் தயாராக வேண்டும் என்ற அவசரம்.

அந்த அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்றுதான். முதல் பணம் வந்ததும் 'வேலை செய்கிறது' என்று முடிவு கட்டி விடுகிறார்கள். முதல் பணம் கட்டும்போது வாடிக்கையாளர் திரைக்கு முன் இருக்கிறார், ஓடிபி போடுகிறார், பட்டனை அழுத்துகிறார். இரண்டாவது மாதம் அங்கே யாருமே இல்லை. கடை, பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளரிடம் பணம் பிடித்துத் தரும் இடைச் சேவை), வங்கி மூன்றும் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். சந்தா என்று நாம் விற்பது அந்த இரண்டாவது பணத்தைத்தான். அது வந்து சேருவதைக் கண்ணால் பார்க்கும்வரை கடையைத் திறக்காதீர்கள் என்பதே என் ஒரே வேண்டுகோள்.

இங்கே ஊகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் மென்பொருள்) கடை, அதில் சந்தா பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), கேட்வேயாக ரேஸர்பே அல்லது ஸ்ட்ரைப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு அமைப்பு வைத்திருந்தாலும் பெயர்கள்தான் மாறும், கோளாறுகள் இவையேதான்.

முதலில் ஒரு கேள்வி: காலண்டர் யார் கையில்?

எந்தக் கோளாறைத் தேடுவதற்கு முன்பும் இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தவணை எப்போது என்பதை நினைவில் வைத்திருப்பது யார்? இரண்டு வகை உண்டு. ஒன்றில், கடையின் பிளகினே தேதியைக் குறித்து வைத்து, அந்த நாள் வந்ததும் கேட்வேயிடம் 'இந்த டோக்கனில் இவ்வளவு பிடி' என்று சொல்லும் (டோக்கன் என்பது கார்டு எண்ணுக்குப் பதிலாகச் சேமித்து வைக்கும் அடையாளம்). இன்னொன்றில், கேட்வே தன் பக்கம் சந்தாவைப் பதிந்து வைத்துத் தானே பிடித்துக்கொண்டு, 'பிடித்தாயிற்று' என்று கடைக்குச் செய்தி மட்டும் அனுப்பும்.

முதல் வகையில் கோளாறு பெரும்பாலும் கடையின் கிரானில், அதாவது குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் ஏற்பாட்டில், இருக்கும். இரண்டாம் வகையில் வெப்ஹூக்கில், அதாவது கேட்வே கடைக்குத் தானாக அனுப்பும் அந்தச் செய்தியில், இருக்கும். இது தெரியாமல் இறங்கினால், கேட்வே கையில் காலண்டர் இருக்கும்போது கடையின் அட்மின் பக்கத்தில் உட்கார்ந்து தேதியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதுவும் அசையாது.

சோதனை நேரத்தில் மூன்று ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்: கடையின் ஆர்டர் பக்கம், கேட்வேயின் டாஷ்போர்டு, ஊகாமர்ஸ் ஸ்டேட்டஸில் உள்ள 'ஸ்கெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்' பட்டியல். ஒவ்வொரு சோதனைச் சந்தாவின் அடையாள எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் எந்த இடத்தில் தடம் நின்றுபோகிறதோ, அங்கேதான் கோளாறு.

அறிகுறி: 'ஓடிபி வரவே இல்லை'

டெஸ்ட் மோடில், அதாவது உண்மைப் பணம் நகராத கேட்வேயின் சோதனை நிலையில், ஓடிபி வராது. அங்கே வங்கியே கிடையாது, வங்கியைப் போல ஒரு போலிப் பக்கம்தான் வரும். அதில் வெற்றி, தோல்வி என்று இருக்கும் பட்டனை அழுத்தினால் போதும். மலையில் சிக்னல் இல்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

அதேபோல டெஸ்ட் மோடில் உங்கள் சொந்தக் கார்டு எண்ணைப் போடாதீர்கள். ஸ்ட்ரைப்புக்கு 4242 4242 4242 4242, காலாவதித் தேதி எதிர்காலத்தில் எதுவாக இருந்தாலும் சரி. ரேஸர்பேயில் யுபிஐ சோதிக்க சக்ஸஸ்@ரேஸர்பே, ஃபெயிலியர்@ரேஸர்பே என்ற முகவரிகள் இருக்கின்றன, ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட வேண்டும்.

அறிகுறி: கேட்வேயில் பணம் வந்ததாகக் காட்டுகிறது, கடையில் ஆர்டர் 'பெண்டிங்'கிலேயே நிற்கிறது

மிக அதிகம் வரும் கோளாறு இதுதான், காரணங்களும் பல. எல்லாமே வெப்ஹூக்கைச் சுற்றியவை. கேட்வே கடைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது, கடை அதை வாங்கவில்லை, அல்லது வாங்கியும் நம்பவில்லை.

கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹூக் பதிவுக்குப் போய், அனுப்பிய செய்திக்கு உங்கள் தளம் என்ன எண்ணில் பதில் சொன்னது என்று பாருங்கள். அந்த எண் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

401 என்றால், திறப்புக்கு முன் தளத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நீங்கள் போட்ட பாஸ்வேர்டுதான் காரணம். மனிதர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு கேட்வேயையும் தடுக்கிறது. 503 வந்தால் 'விரைவில் வருகிறோம்' பக்கம் போடும் பிளகினைச் சந்தேகியுங்கள். 302 என்றால் எங்கோ திருப்பி விடப்படுகிறது. பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த முகவரிக்கும் சேர்க்காத முகவரிக்கும் உள்ள வித்தியாசம்தான், பதிவு செய்த முகவரியைத் தளத்தின் உண்மையான முகவரியாக மாற்றினால் தீர்ந்துவிடும். 403 வந்தால் பாதுகாப்பு பிளகினோ, முன்னால் நிற்கும் ஃபயர்வாலோ கேட்வேயை ரோபோ என்று நினைத்துத் தள்ளியிருக்கிறது. வெப்ஹூக் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். பூட்டை மொத்தமாகத் திறக்க வேண்டியதில்லை.

சொந்த லேப்டாப்பில் கடையை ஓட்டிக்கொண்டிருந்தால் பதிவே இருக்காது, வெளியிலிருந்து அதற்கு வழியே இல்லை. வெளியிலிருந்து லேப்டாப்புக்கு வழி தரும், என்கிராக் போன்ற டன்னல் ஒன்றைப் போடுங்கள். இலவசக் கணக்கில் முகவரி மாறியிருந்தால், கேட்வேயில் பதிந்திருப்பதையும் உடனே மாற்ற வேண்டும்.

400 என்று வந்தாலோ, உங்கள் லாகில் 'சிக்னேச்சர் பொருந்தவில்லை' என்று இருந்தாலோ கவனமாகப் பாருங்கள். சிக்னேச்சர் என்பது செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறி, ஒரு ரகசியச் சொல்லை (சீக்ரெட்) வைத்துக் கணக்கிடுவது. இதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, வெப்ஹூக் சீக்ரெட்டும் ஏபிஐ சீக்ரெட்டும் (கடை கேட்வேயுடன் பேசப் பயன்படுத்துவது) வேறு வேறு. ரேஸர்பேயில் வெப்ஹூக் சீக்ரெட் என்பது நீங்களே வைக்கும் சொல். ஸ்ட்ரைப்பில் ஒவ்வொரு வெப்ஹூக் முகவரிக்கும் தனி சீக்ரெட், டெஸ்டுக்கும் லைவுக்கும் (உண்மைப் பணம் நகரும் நிலை)கூட வேறு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை ஒட்டியிருப்பீர்கள். இரண்டாவது, வந்த செய்தியை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி கோத்து, அதன்மேல் சிக்னேச்சர் கணக்கிடுவது. ஒரு இடைவெளி மாறினாலும் கணக்கு தவறிவிடும். வந்த உடலை வந்தபடியே, பிரிக்காமல் எடுத்துக் கணக்கிட வேண்டும். மூன்றாவது, பணம் கட்டி முடித்ததும் பிரவுசரில் திரும்பி வரும் சிக்னேச்சர். இது வெப்ஹூக் அல்ல, ஆனால் அறிகுறி ஒன்றே. ரேஸர்பேயில் சாதாரண ஆர்டருக்கு 'ஆர்டர் எண், நடுவில் செங்குத்துக் கோடு, பேமென்ட் எண்' என்ற வரிசையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சந்தாவுக்கு அது தலைகீழ்: பேமென்ட் எண் முதலில், பிறகு கோடு, பிறகு சந்தா எண். ஒருமுறை விற்பனைக்கு எழுதிய புரோகிராம் வரிகளை அப்படியே சந்தாவுக்கு நகலெடுத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அந்த வரிகளில் எழுத்துப் பிழை எதுவும் இருக்காது, அதனால் எத்தனை தடவை படித்தாலும் கண்ணில் படாது.

சரி, பதில் 200 ('செய்தி கிடைத்தது' என்று பொருள்), சிக்னேச்சரும் பொருந்துகிறது, ஆனாலும் ஆர்டர் அசையவில்லை என்றால்? எந்தெந்த நிகழ்வுகளுக்குப் பதிவு செய்தீர்கள் என்று பாருங்கள். ஒருமுறை விற்பனைக்கான 'பேமென்ட் கேப்சர்ட்' மட்டும் டிக் செய்திருப்பீர்கள். சந்தாவுக்கு ரேஸர்பேயில் 'சப்ஸ்கிரிப்ஷன்' என்று தொடங்கும் நிகழ்வுகள் தனியாக இருக்கின்றன: ஆதென்டிகேட்டட், ஆக்டிவேட்டட், சார்ஜ்ட், பெண்டிங், ஹால்டட், கேன்சல்ட். குறைந்தது இந்த ஆறும் வேண்டும்.

இன்னொன்று, ரேஸர்பே ஐந்து விநாடிக்குள் பதில் எதிர்பார்க்கிறது. செய்தி வந்ததும் அங்கேயே பில் தயாரித்து, மெயில் அனுப்பி, கூரியர் தளத்தில் பதிந்து, கடைசியில் 200 சொல்கிற கோட் இருந்தால் நேரம் தாண்டிவிடும். கேட்வே தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். முதலில் 200 சொல்லிவிடுங்கள், மற்ற வேலைகள் வரிசையில் நிற்கட்டும்.

அறிகுறி: முதல் மாதம் சரி, இரண்டாவது மாதம் தொடங்கவே இல்லை

கோத்தகிரியில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, டெஸ்ட்ல காசு வந்துருச்சு. நாளைக்கே திறந்துடலாமா?" "அக்கா, வந்திருக்கறது முதல் மாசம். ரெண்டாவது மாசத்தை வரவெச்சுப் பாத்துடலாம்" என்றேன். "அதுக்கு ஒரு மாசம் காத்திருக்கணுமா?" என்றார். வேண்டாம். காலத்தை நகர்த்த வழி இருக்கிறது, அது காலண்டர் யார் கையில் என்பதைப் பொறுத்தது.

கடையின் கையில் என்றால், சந்தாவின் எடிட் பக்கத்துக்குப் போய் அடுத்த தவணைத் தேதியைச் சில நிமிடங்கள் தள்ளி வையுங்கள். அந்தப் பக்கத்திலேயே 'ப்ராஸஸ் ரினியூவல்' என்று ஒரு செயலும் உண்டு. ஆனால் அதை மட்டும் அழுத்திப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கையால் அழுத்துகிறீர்கள், திறந்த பிறகு அழுத்த யாரும் இருக்க மாட்டார்கள். தேதியை நகர்த்திவிட்டுத் தளத்தைத் தொடாமல் விட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

தொடாமல் விட்டால் ஒன்றும் நடக்கவில்லையா? அப்படியென்றால் கிரான். வேர்ட்பிரஸ்ஸின் உள்கிரான் யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். திறக்காத கடைக்கு யார் வருவார்கள்? தவணை நேரம் தாண்டிப் போய், 'ஸ்கெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'பாஸ்ட் டியூ' (நேரம் கடந்தது) என்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் அட்மின் பக்கத்தைத் திறந்த உடனே அது ஓடிவிடும், 'இப்போ சரியாயிடுச்சு' என்று தோன்றும். சரியாகவில்லை. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் உள்கிரானை அணைத்துவிட்டு, சர்வரின் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தட்டி எழுப்பும் வரியைச் சேருங்கள். பிறகு லேப்டாப்பை மூடி வைத்து, மறுபடி அதே சோதனையைச் செய்யுங்கள். நீங்கள் இல்லாதபோது ஆர்டர் உருவாகியிருக்க வேண்டும்.

பட்டியலில் வேலை ஓடி முடிந்ததாக இருக்கிறது, ரினியூவல் ஆர்டரும் உருவாகியிருக்கிறது, ஆனால் பணம் பிடிக்கவே முயலவில்லை என்றால், ஊகாமர்ஸ் சந்தா பிளகினின் ஸ்டேஜிங் (சோதனைக்கான நகல் தளம்) பாதுகாப்பைப் பாருங்கள். தளத்தின் முகவரி மாறியிருந்தால் அந்தப் பிளகின் 'இது நகல் தளமாக இருக்கலாம்' என்று சந்தேகித்துத் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்திவிடும். அட்மினில் மேலே ஒரு எச்சரிக்கை வரும், அவசரத்தில் மூடிவிடுவோம். நல்ல நோக்கத்தில் வைத்த பாதுகாப்பு அது. ஆனால் நம்மூர் வழக்கம், ஒரு துணை டொமைனில் கடையைக் கட்டி முடித்து, திறப்பு நாளில் உண்மையான டொமைனுக்கு மாற்றுவது. மாற்றிய நிமிடத்திலிருந்து எல்லாச் சந்தாவும் கையால் கட்டும் சந்தாவாகிவிடும். முதல் பணங்கள் அழகாக வரும், ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். டொமைன் மாற்றிய பின் அந்த எச்சரிக்கையைத் தேடிப்பிடித்து, தானியங்கிப் பிடித்தத்தை இயக்கும் பட்டனை அழுத்துங்கள். பழைய நகலில் அதை அழுத்தக் கூடாது, ஏன் என்பது அடுத்த பகுதியில்.

காலண்டர் கேட்வே கையில் என்றால், ஸ்ட்ரைப்பில் 'டெஸ்ட் கிளாக்' இருக்கிறது. ஒரு சோதனை வாடிக்கையாளரை அந்தக் கடிகாரத்தில் கட்டிவிட்டு நேரத்தை முன்னே தள்ளலாம். ஒரே தாவலில் இரண்டு தவணைக் காலம்வரைதான் தள்ள முடியும், மாதச் சந்தாவுக்கு இரண்டு மாதம். இங்கே ஒரு பொய் அறிகுறி வரும்: சரியாகப் புதுப்பிப்பு நேரத்துக்குத் தள்ளினால் இன்வாய்ஸ் 'டிராஃப்ட்' என்று நிற்கும், பணம் பிடித்திருக்காது. கோளாறு இல்லை. ஸ்ட்ரைப் இன்வாய்ஸை ஏறக்குறைய ஒரு மணி நேரம் டிராஃப்டில் வைத்திருந்துதான் முடிவு செய்யும். கடிகாரத்தை இன்னும் ஒரு மணிக்கு மேல் தள்ளுங்கள், நகரும்.

அறிகுறி: ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் போகிறது

இதை டெஸ்டில் பார்த்தால் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு இதைத் தீருங்கள். பணம் பிடிக்காமல் போனால் நமக்கு நஷ்டம், இரண்டு முறை பிடித்தால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும். கால் கிலோ டீத்தூளுக்காக வங்கிக் கணக்கில் கைவைக்க அனுமதி கொடுத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது: கேட்வே டாஷ்போர்டில் இரண்டு பேமென்ட் எண்கள் இருக்கின்றனவா, அல்லது ஒரே பேமென்டுக்குக் கடையில் இரண்டு ஆர்டர்களா?

ஒரே பேமென்ட், இரண்டு ஆர்டர் என்றால் வெப்ஹூக் இருமுறை வந்திருக்கிறது. அது கேட்வேயின் பிழை அல்ல. ஒரே செய்தி மறுபடி வரலாம், வரிசை மாறியும் வரலாம், 'ஆக்டிவேட்டட்' வருவதற்கு முன்பே 'சார்ஜ்ட்' வந்துவிடலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிகழ்வு எண் உண்டு, ரேஸர்பேயில் அது தலைப்பகுதியில் வரும், ஸ்ட்ரைப்பில் செய்தியின் உள்ளேயே இருக்கும். அதை டேட்டாபேஸில் தனித்துவ நெடுவரிசையாகச் சேமித்து, ஏற்கெனவே இருந்தால் 200 சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சோதிக்க வேண்டுமென்றால், டாஷ்போர்டில் வசதி இருந்தால் அங்கிருந்து அதே செய்தியை மறுபடி அனுப்பிப் பாருங்கள். கடையில் ஒன்றும் மாறக் கூடாது, இருப்பும் குறையக் கூடாது.

இரண்டு பேமென்ட் எண்கள் என்றால் விஷயம் பெரிது. இரண்டு காலண்டர்கள் ஓடுகின்றன. கேட்வேயில் ஒரு சந்தா, கடையின் பிளகினிலும் ஒரு அட்டவணை, இரண்டும் தனித்தனியாகப் பிடிக்கின்றன. ஒன்றை நிறுத்துங்கள். அல்லது துணை டொமைனில் விட்டுவந்த பழைய நகல் தளம் இன்னும் உயிரோடு இருந்து, அதே டோக்கன்களை வைத்துக்கொண்டு அதே நாளில் பிடிக்கிறது. நகல் தளத்தில் கேட்வே கீயை எடுத்துவிடுவது நல்லது, தளத்தையே அழித்துவிடுவது இன்னும் நல்லது.

அறிகுறி: தேதி தள்ளித் தள்ளிப் போகிறது

ஜனவரி 31 அன்று ஒரு சோதனைச் சந்தா எடுங்கள். டெஸ்ட் கிளாக் இருந்தால் கடிகாரத்தை அந்தத் தேதிக்கு வைத்தே தொடங்கலாம். அடுத்தது பிப்ரவரி கடைசி நாளில் வர வேண்டும், அதற்கடுத்தது மார்ச் 31. ஸ்ட்ரைப் இதைச் சரியாகச் செய்யும். யாராவது பிஎச்பியில் 'ஒரு மாதம் கூட்டு' என்று கையால் எழுதியிருந்தால், 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வரும். பிப்ரவரி முழுக்கக் காணாமல் போகும், அதன் பிறகு மாதாமாதம் 3-ஆம் தேதிதான்.

நேர மண்டலமும் இதோடு சேர்ந்து குழப்பும். நமக்கு 1-ஆம் தேதி நள்ளிரவு என்பது சர்வரின் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தின நாள் மாலை 6.30. 1-ஆம் தேதி அதிகாலை எடுத்த சந்தா, சர்வருக்கு மாதக் கடைசிச் சந்தா. சேமிப்பது யுடிசியில் இருக்கட்டும், வாடிக்கையாளருக்குக் காட்டுவதும் 'எந்த நாள்' என்று முடிவு செய்வதும் இந்திய நேரத்தில் இருக்கட்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், எல்லாச் சந்தாவையும் மாதத்தின் 5-ஆம் தேதிக்கோ 10-ஆம் தேதிக்கோ ஒருங்கிணைத்துவிடலாம். சிறு கடைக்கு நான் அதைத்தான் சொல்வேன். பேக்கிங், தபால் எல்லாம் ஒரே வாரத்தில் முடியும், தூளும் புதிதாக அரைத்த கையோடு போகும்.

அறிகுறி: தொகை தவறாகப் போகிறது

கேட்வேக்குப் பைசாவில் சொல்ல வேண்டும். 450 ரூபாய்த் தூளுக்கு 5% ஜிஎஸ்டி சேர்த்தால் 472.50, அனுப்ப வேண்டிய எண் 47250. நூறில் ஒரு பங்கு போனால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். ஒரு பைசா குறைந்தால், தசமத்தைப் பெருக்கி முழு எண்ணாக வெட்டியிருக்கிறீர்கள்: 19.99-ஐ 100-ஆல் பெருக்கி வெட்டினால் பிஎச்பி 1998 என்று தரும். வெட்டாமல் முழுமையாக்குங்கள்.

முதல் மாதத்தில் தபால் கட்டணம் சேர்ந்து, இரண்டாம் மாதத்தில் சேராமல் போவதையும் பாருங்கள். கூப்பன் போட்டவருக்கு இரண்டாம் மாதமும் தள்ளுபடி தொடர்கிறதா என்பதையும்.

அறிகுறி: வாடிக்கையாளர் கணக்கில் பணம் இல்லை, ஆனாலும் பார்சல் தயாராகிவிட்டது

தோல்வியை வேண்டுமென்றே வரவழைத்துச் சோதிக்க வேண்டும். ஸ்ட்ரைப்பில் 4000 0000 0000 0341 என்ற கார்டைக் கணக்கில் சேர்க்கும்போது ஏற்றுக்கொள்ளும், பணம் பிடிக்கும்போது மறுக்கும். இலவசச் சோதனைக் காலம் வைத்து இதைச் சேர்த்துவிட்டு, கடிகாரத்தைத் தள்ளினால் இரண்டாம் மாதத் தோல்வி கைமேல் கிடைக்கும்.

இப்போது பார்க்க வேண்டியவை: சந்தா 'ஆன் ஹோல்ட்' ஆனதா, பேக்கிங் பட்டியலில் இருந்து பெயர் விலகியதா, வாடிக்கையாளருக்கு மெயில் போனதா, மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தினால் பணம் கட்ட முடிகிறதா. கடைசியது பல நேரம் வேலை செய்யாது. லாகின் கேட்கும், கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது.

மறுமுயற்சியும் பாருங்கள். ரேஸர்பே கார்டில் தோற்றால் அடுத்தடுத்த மூன்று நாட்கள் முயன்றுவிட்டு 'ஹால்டட்' ஆக்கும். ஊகாமர்ஸ் சந்தா பிளகினில் மறுமுயற்சியை இயக்கினால் 12 மணி, 12 மணி, 24 மணி, 48 மணி, 72 மணி என்ற இடைவெளியில் ஐந்து முறை முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மெயில் போனால் வாடிக்கையாளர் எரிச்சலாவார். முதலுக்கும் கடைசிக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

அறிகுறி: நிறுத்தி வைத்த சந்தாவிலும் பணம் போகிறது

மலைக்கடைக்கு இது முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் கீழே இறங்காது. 'இந்த மாதம் அனுப்ப முடியவில்லை, பணமும் பிடிக்கவில்லை' என்று சொல்ல முடிவது கடைக்கு மரியாதை. அதற்கு, கடையில் 'பாஸ்' (தற்காலிக நிறுத்தம்) அழுத்தினால் கேட்வேயிலும் சந்தா நிற்க வேண்டும். கடையில் ஹோல்ட், கேட்வே டாஷ்போர்டில் ஆக்டிவ் என்று இருந்தால் பிளகின் அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லவில்லை. அப்படியிருந்தால் இரண்டு இடத்திலும் கையால் நிறுத்தும் வழக்கத்தை இப்போதே எழுதி ஒட்டி வையுங்கள்.

எதிர்த்திசையும் உண்டு. வாடிக்கையாளர் தன் யுபிஐ செயலிக்குள்ளேயே ஆட்டோபேயை ரத்து செய்யலாம், உங்கள் தளத்துக்கு வரவே வேண்டாம். அது அவர் உரிமை. 'கேன்சல்ட்' செய்தி வந்ததும் கடையின் சந்தா ரத்தாகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: டெஸ்டில் எல்லாம் சரி, லைவில் பணம் ஒரு நாள் தாமதம்

டெஸ்ட் மோட் காட்ட முடியாதது வங்கியை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். கார்டு என்றால் அதை அனுப்புவது அவருடைய வங்கி, உங்கள் கடை அல்ல. இந்த ஏற்பாடு 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கேட்வே இன்று பிடிக்கச் சொன்னால், அறிவிப்பு போய், பணம் நாளை வரும். ஸ்ட்ரைப்பில் இந்தியக் கார்டுகளுக்கு இது 26 மணி நேரம்வரை 'ப்ராஸஸிங்' என்று நிற்கும். அதுவரை கடையில் சந்தா 'ஆன் ஹோல்ட்' என்று தெரிந்தால் பதறி மறுபடி பிடிக்காதீர்கள், அதுதான் இரட்டைப் பிடித்தத்துக்கு நேர் வழி. 'ப்ராஸஸிங்' நிலையைத் தோல்வியாகக் கருதாத கோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

யுபிஐ ஆட்டோபேயில், 2025 ஆகஸ்ட் 1 முதல் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் பிடித்தம் நடக்க வேண்டும்: காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பிறகு. காலை 11 மணிக்கு வர வேண்டியது மதியம் வந்தால் அது தாமதம் அல்ல, ஏற்பாடு.

பெட்டியாக அனுப்பும் கடைகளுக்கு இன்னொன்று: தவணை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் உறுதி செய்ய வேண்டும். அதற்குள்ளேயும், ஒப்புதல் வாங்கியபோது குறித்த உச்சத் தொகைக்கு மேல் பிடிக்க முடியாது. தூள் விலை ஏறினால் பழைய சந்தாக்கள் மொத்தமாகத் தோற்பது இதனால்தான். உச்சத் தொகையைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், அதை வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லியும் விடுங்கள். ஒப்புதல் திரையில் 450-க்குப் பதில் 1,000 என்று பார்த்தால் யாரும் பயப்படுவார்கள்.

இவற்றை எல்லாம் லைவில்தான் பார்க்க முடியும். அதனால் திறப்புக்கு இரண்டு வாரம் முன்பே, யாரும் காணாத ஒரு மலிவான பொருளைப் போட்டு, கேட்வே அனுமதிக்கும் மிகக் குறுகிய இடைவெளிச் சந்தாவாக வைத்து, உங்கள் வீட்டாரின் கார்டில் ஒன்று, யுபிஐயில் ஒன்று என்று எடுங்கள். வெவ்வேறு வங்கியாக இருந்தால் நல்லது. அறிவிப்பு எஸ்எம்எஸ் வருகிறதா, அதில் உங்கள் கடையின் பெயர் புரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் புரியாமல் இருந்தால் வாடிக்கையாளர் மோசடி என்று நினைத்து ரத்து செய்துவிடுவார். இரண்டாவது பிடித்தம் வந்ததும் ரீஃபண்ட் செய்து, அதுவும் கணக்குக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

லைவுக்கு மாறும்போது கீயை மட்டும் மாற்றினால் போதாது. டெஸ்டில் உருவாக்கிய பிளான் எண்கள் லைவில் இல்லை, 'பிளான் கிடைக்கவில்லை' என்று வரும், புதிதாக உருவாக்க வேண்டும். வெப்ஹூக்கையும் லைவில் தனியாகப் பதிய வேண்டும். டெஸ்டில் சேர்த்த வாடிக்கையாளர்களும் சந்தாக்களும் கடையில் மிச்சம் இருந்தால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் லைவ் கீயை வைத்துக்கொண்டு இல்லாத டோக்கனில் பணம் கேட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கும். சோதனை ஆர்டர்கள் பில் எண்களையும் தின்றிருக்கும். ஜிஎஸ்டி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர் வரிசையில் இருக்க வேண்டும் என்பதால், சோதனை ஆர்டர்களை அழித்த பிறகு பில் எண்ணைத் தொடக்கத்துக்குத் திருப்பி வைத்து, அதன் பிறகு 'விரைவில் வருகிறோம்' பக்கத்தை எடுங்கள்.